கண்டன அறிக்கை: இரவல் முகவரியில் பறிபோகும் ஏழைப் பிள்ளைகளின் இடம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட 25 சதவீத இடங்களை, குடியிருக்காத வீட்டின் முகவரியைக் காட்டியும் வருமானத்தைக் குறைத்துக் காட்டியும் வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொள்ளும் போக்கை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. இதற்குக் காசு வாங்கிக்கொண்டு காகிதம் தயாரித்துக் கொடுக்கும் தரகர்களையும், தெரிந்தும் தெரியாதவர்போல் இருக்கும் பள்ளி நிர்வாகங்களையும், வீட்டுப் படி ஏறிப் பார்க்காமலே கையெழுத்திடும் அலுவலர்களையும் சேர்த்தே கண்டிக்கிறோம். இவர்கள் எல்லோருக்கும் வசதியாக விதியை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் அரசையும் விட்டுவைக்க எங்களுக்கு மனம் இல்லை.

எங்கள் சங்கம் பெரியதல்ல. திண்டுக்கல் நகரிலும், வேடசந்தூர், வடமதுரை, ரெட்டியார்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை பக்கத்துச் சமவெளி ஊர்களிலும் வாழும் பெற்றோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்தது. சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்தே இதை எழுதுகிறோம். இதில் எந்தப் பள்ளியின் பெயரும் இல்லை, எந்தக் குடும்பத்தின் பெயரும் இல்லை. விசாரித்துப் பெயரைச் சொல்ல வேண்டியது அரசின் வேலை. அதோடு, பெயரை வீதியில் போட்டால் முதலில் அடிபடுவது எல்.கே.ஜி. படிக்கிற குழந்தை. அந்தக் குழந்தை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கட்டணமின்றி ஒதுக்கச் சொல்கிறது. செலவை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். இது செல்லும் என்று 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் 2014 மே மாதத் தீர்ப்பு விலக்குத் தந்தது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்கள் நலிவடைந்த பிரிவில் வருகிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தூய்மைப் பணியாளர் பிள்ளைகள் முதலானோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் கூடினால் குலுக்கல்.

மோசடி நடக்கிற விதத்தில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் மாமனார் வீடோ, கடையில் வேலை பார்ப்பவரின் வீடோ இருக்கும். அந்த முகவரிக்கு 11 மாத வாடகை ஒப்பந்தம் ஒன்று முத்திரைத்தாளில் தயாராகும். ஓராண்டுக்குக் குறைந்த ஒப்பந்தத்தைச் சார்பதிவாளரிடம் பதியக் கட்டாயமில்லை, அதனால்தான் அந்த 11 மாதக் கணக்கு. அதை வைத்து, அல்லது அந்த வீட்டில் இருக்கும் குடும்பத் தலைவரின் ஒப்புதலை வைத்து, ஆதாரில் முகவரி மாறும். மாறிய ஆதார் விண்ணப்பத்தோடு ஏறும். குலுக்கலில் பெயர் வந்துவிட்டால் பிள்ளை பழைய வீட்டிலிருந்தே பள்ளிக்கு வரும். சில பிள்ளைகள் காரில் வந்து இறங்கும். யாரும் கேட்பதில்லை. ஆதார் எண் ஒருவரின் குடியுரிமைக்கோ வாழிடத்துக்கோ சான்றாகாது என்று ஆதார் சட்டத்தின் 9-ஆம் பிரிவே சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தூரத்தை அளக்க அந்த அட்டையில் அச்சாகியிருக்கும் நாலு வரியே போதும் என்று நம் அலுவலகங்கள் முடிவு செய்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதிச் சான்றின் பேரில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிப்பவரிடம் வருமானச் சான்று கேட்பதில்லை. அது சமூக நீதியின் அடிப்படையில் வந்த ஏற்பாடு. அதைக் குலைக்கச் சொல்ல எங்களுக்கு விருப்பம் இல்லை. ஆனால் இதன் விளைவு என்ன? பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மொத்த வியாபாரிக்கும், அதே வகுப்பைச் சேர்ந்த பூட்டுப் பட்டறைத் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கும் ஒரே தடை முகவரிதான். அதையும் வியாபாரி எளிதாகத் தாண்டிவிடுகிறார். ஒரே பிரிவுக்குள்ளேயே ஏழைக்கு முன்னுரிமை தரலாமா என்பதில் எங்கள் சங்கத்துக்குள் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது. மூத்த ஆசிரியர்கள் வேண்டாம் என்கிறார்கள், இளைய பெற்றோர் வேண்டும் என்கிறார்கள். முடிவானதும் தனியாகச் சொல்வோம்.

ஒரு எல்.கே.ஜி. இடத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்கிறார்கள். அது எல்.கே.ஜி.யோடு முடிகிற சலுகை அல்ல, எட்டாம் வகுப்பு வரை நீள்கிறது. அதற்கு மேலும் ஒரு வாசல் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை இந்த 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஏழைப் பிள்ளையை நினைத்து எழுதிய நல்ல விதி அது. இரவல் முகவரியில் நுழைந்தவருக்கும் அதே வாசல் திறக்கும். நான்கு வயதில் சொன்ன பொய், பதினெட்டு வயதில் இன்னொருவரின் மருத்துவ இடத்தில் போய் நிற்கக்கூடும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. டெல்லியில் 2018 ஏப்ரலில் ஒரு தொழிலதிபரைக் காவல்துறை கைது செய்தது. குடிசைப் பகுதியில் வசிப்பதாகவும் சொற்ப வருமானம் உள்ளவர் என்றும் காகிதம் கொடுத்து, பேர்பெற்ற ஒரு பள்ளியில் ஏழைகளுக்கான ஒதுக்கீட்டில் மகனைச் சேர்த்திருந்தார். பிள்ளை சேர்ந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகே விஷயம் வெளியே வந்தது. நாக்பூரில் 2024-இல் போலி முகவரியும் போலி ஆவணமும் கொடுத்துச் சேர்த்த பெற்றோர் மீது வழக்குப் பதிவானது. அங்கெல்லாம் விசாரித்தார்கள், அதனால் கண்டுபிடித்தார்கள். நம் மாவட்டத்தில் புகார் இல்லை என்று அதிகாரிகள் சொல்லும்போது, விசாரிக்காத இடத்தில் புகார் எப்படி வரும் என்பதுதான் எங்கள் கேள்வி.

இனி நாங்கள் சொல்லப்போவது, கண்டன அறிக்கையில் கண்டனம் மட்டும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பிடிக்காது.

முகவரியைக் கடுமையாகச் சோதியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் நகர்ந்தால், அடுத்த ஆண்டு முதலில் வெளியே தள்ளப்படுவது யார் தெரியுமா? நாகல் நகரிலோ பேகம்பூரிலோ ஒத்திக்கு வீடு பிடித்து இருக்கிறவர். கையில் இருந்த நகையை விற்று ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் மூன்று வருஷம் குடியிருக்கிற குடும்பம் அது. எழுதிக்கொண்ட தாள் பீரோவுக்குள் இருக்கும், எந்த அலுவலகத்திலும் பதிவாகியிருக்காது. மின் கட்டண அட்டை வீட்டுக்காரர் பேரில், வீட்டு வரி ரசீது அவர் பேரில். ரேஷன் கார்டு இன்னும் மாமியார் ஊரில், கூட்டுக் குடும்பமாக. அட்டையைப் பிரிக்க மனுப் போட்டிருப்பார்கள். நெசவுக்கும் தோல் பதனிடும் வேலைக்கும் வந்தவர்கள், சீலப்பாடியிலும் பாலகிருஷ்ணாபுரத்திலும் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர்கள், வேடசந்தூர் நூற்பாலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். உண்மையிலேயே அந்தத் தெருவில் படுத்து எழுகிறவரிடம் காகிதம் இருக்காது. அங்கே ஒருநாளும் தூங்காதவரிடம் குறையில்லாத காகிதம் இருக்கும்.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. வீட்டுக்காரரிடம் போய் அதைக் கேட்கிற குடித்தனக்காரருக்கு அடுத்த மாதம் வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். எனவே பதிவு செய்த ஒப்பந்தம் கொண்டு வா என்று ஒரு சுற்றறிக்கை போட்டு அரசு கையைக் கழுவிக்கொண்டால் அதையும் கண்டிப்போம்.

அடுத்தது அந்த ஒரு கிலோமீட்டர். இது எங்கிருந்து வந்தது? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நடந்து போகிற தூரமான ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று அரசுக்கு விதித்த கடமை அது. ஆறு முதல் எட்டுக்கு மூன்று கிலோமீட்டர். அரசு எங்கே பள்ளி கட்ட வேண்டும் என்பதற்கான அளவுகோலைக் கொண்டுவந்து, ஏழைப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரலாம் என்பதற்கு வேலியாக நட்டுவிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

நம் ஊரில் பெரிய மெட்ரிக் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நகரத்துக்கு வெளியே, புறவழிச்சாலை ஓரம், பத்துப் பதினைந்து ஏக்கர் தோட்டத்தை வாங்கிக் கட்டியவை. ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் மனைப்பிரிவுக் கல், நடுவில் நாலு வீடு. அந்தப் பள்ளியின் மஞ்சள் பேருந்து காலை ஏழு மணிக்கே வடமதுரை, சின்னாளபட்டி, ஒட்டன்சத்திரம் சாலை என்று சுற்றி, பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தெல்லாம் கட்டணம் கட்டுகிற பிள்ளைகளை ஏற்றி வரும். அவர்களுக்கு அக்கம்பக்கம் என்ற எல்லை இல்லை. இலவச இடம் கேட்கிற பிள்ளைக்கு மட்டும் ஒரு கிலோமீட்டர். அந்தப் பேருந்து ஏழைகள் குடியிருக்கும் தெரு வழியாகத்தான் போகிறது. ஏறத்தான் அனுமதி இல்லை.

பொய் முகவரியை இந்த வேலிதான் விளைவிக்கிறது என்று நாங்கள் சொல்கிறோம். பொய் சொன்னவருக்கு அதனால் மன்னிப்பு என்று அர்த்தம் இல்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சித்தாள் வேலைக்காரப் பெண், தன் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்து மகளைச் சேர்த்ததும், இரண்டு மாடி வீட்டுக்காரர் தன் கடைப் பையனின் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்ததும் எங்கள் கண்ணுக்கு ஒன்றல்ல. சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். முன்னவர் தனக்கு உரியதைத் தவறான வழியில் கேட்டார். பின்னவர் தனக்கு உரியதல்லாததை எடுத்துக்கொண்டார்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், அரசு உதவியில் கட்டிய குடியிருப்பில் வாழ்ந்த ஒரு கருப்பினத் தாய், தன் தந்தையின் முகவரியைக் கொடுத்து இரண்டு மகள்களைப் பக்கத்து வட்டாரத்துப் பொதுப் பள்ளியில் சேர்த்தார். அங்கே பள்ளிகள் அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியில்தான் பெரும்பாலும் நடக்கின்றன. பணக்கார வட்டாரத்தில் நல்ல பள்ளி, ஏழை வட்டாரத்தில் பராமரிப்பில்லாத பள்ளி. அவரைக் கண்டுபிடிக்கப் பள்ளி நிர்வாகம் தனியார் துப்பறிவாளரை வைத்தது. 2011 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, ஒன்பது நாள் சிறை. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு அதே ஆண்டில் அந்த மாநில ஆளுநர் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார். நம் அரசுப் பள்ளிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் தலைமையாசிரியர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். அந்தப் பெருமையை நாம் சொல்லிக்கொள்ளலாம். தனியார் பள்ளியின் இலவச இடத்துக்கு வரும்போதுதான் நாமும் ஆக்ரன் ஆகிறோம்.

பொய்யைக் கண்டுபிடிக்க வழி இல்லையா? இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகள் அனைவரின் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் அதன் பொறுப்பு. மாநகராட்சியும் ஊராட்சிகளும் இந்தப் பதிவேட்டைத் தெருவாரியாகச் சரியாக வைத்திருந்தால், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வளர்கிறது என்று சேர்க்கைக்கு ஓராண்டு முன்பே தெரிந்துவிடும். அங்கன்வாடிப் பணியாளருக்கு இப்போதே தெரியும். தடுப்பூசி போட வரும் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் தெரியும். இவர்கள் கையில் இருக்கும் பதிவேட்டை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? ஒத்தி வீட்டுத் தாய்க்கு முத்திரைத்தாளைவிட அங்கன்வாடிப் பதிவேடு நல்ல சாட்சி. போலி முகவரிக்காரருக்கு அந்தப் பதிவேட்டில் இடமே இருக்காது.

2025-26 சேர்க்கையைப் பற்றிப் பேசாமல் இந்த அறிக்கை முடியாது. வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும் விண்ணப்பம் அந்த ஆண்டு திறக்கவே இல்லை. புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. அந்தப் பணம் வரவில்லை என்று மாநில அரசு சேர்க்கையை நிறுத்தியது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இந்த ஒதுக்கீட்டுக்கான நிதியைப் புதிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சொல்லியும், அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதுவும் எப்படி? ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளில் தகுதியுள்ளவர்களைப் பார்த்து ஒதுக்கீட்டில் சேர்க்கும் முறையில். ஜூன் மாதம் பணம் கட்டிச் சேர்க்க முடிந்தவருக்குத்தான் அக்டோபரில் இலவசம். கட்ட முடியாதவர் வரிசையிலேயே இல்லை. ஒரு போலிக் காகிதம்கூட இல்லாமல், ஏழைக்கான இடம் பணம் உள்ளவர் பக்கம் சாய்ந்தது. இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்த இந்தக் காரியத்தை, எந்தத் தரகர் செய்ததையும்விடக் கடுமையாகக் கண்டிக்கிறோம்.

மோசடி நடக்கிறது, ஆகவே திட்டத்தையே எடுத்துவிடலாம் என்று சொல்ல ஆள் காத்திருக்கிறது. கர்நாடகம், பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் கிடையாது என்று விதியை மாற்றி, திட்டத்தை எலும்பும் தோலுமாக்கியது. மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் அதையே செய்யப் பார்த்தது. ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையைத் தள்ளியது. எங்கள் அறிக்கையை எடுத்து அந்தப் பக்கம் பயன்படுத்த நினைப்பவர்கள் தயவுசெய்து கீழே வைத்துவிடவும். அரசுப் பள்ளியை வலுப்படுத்த வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, எங்களில் பாதிப்பேர் அங்கேதான் வேலை பார்த்தோம். அது நடக்கும்வரை இருக்கிற உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வது வேறு பேச்சு.

அரசிடம் நாங்கள் கேட்பது இவை. டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் இருப்பதுபோல் தூரத்தைப் படிகளாக வையுங்கள்; முதலில் ஒரு கிலோமீட்டர், இடம் மிஞ்சினால் மூன்று, அதற்கும் மேலே. பள்ளிப் பேருந்து எந்த ஊர் வரை போகிறதோ அந்த ஊர் வரை அந்தப் பள்ளிக்கு அக்கம்பக்கம்தான் என்று அறிவித்தால் இன்னும் நல்லது. குலுக்கலில் தேர்வான பிள்ளைகளின் வீடுகளை, சேர்க்கை முடிந்து மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடிப் பணியாளரும் அருகிலுள்ள அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு பெற்றோரும் நேரில் போய்ப் பார்க்கட்டும். காவலர் சீருடையில் யாரும் போக வேண்டாம். தகுதியில்லாத வசதியுள்ளவர் என்று தெரிந்தால் பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டாம். அதே வகுப்பில் கட்டணப் பிள்ளையாக உட்காரட்டும், இதுவரை அரசு தந்த தொகையைப் பெற்றோரும் உடந்தையான நிர்வாகமும் திருப்பிக் கட்டட்டும். காலியான இலவச இடம் காத்திருப்புப் பட்டியலில் உள்ள அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். காகிதம் தயாரித்து விற்றவர் மீது மட்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 336, 340 பிரிவுகளில் வழக்குப் போடுங்கள். சேர்ந்தவர்களின் பெயரை வெளியிடாமல், எந்தப் பள்ளியில் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், எத்தனை நிரம்பியது என்ற கணக்கைப் பள்ளி வாசலிலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்டுங்கள்.

பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. ஏழைப் பிள்ளையைவிட, இலவச இடத்தில் வரும் வசதியான வீட்டுப் பிள்ளை உங்களுக்குச் சௌகரியம் என்பது எங்களுக்குத் தெரியும். சீருடைக்கும் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் கேட்டதைக் கட்டுவார், ஆண்டு விழாவுக்கு நன்கொடையும் தருவார். அதனால்தான் உங்களில் சிலர் முகவரியைக் கூர்ந்து பார்ப்பதில்லை. ஒத்தி வீட்டுக்காரர் வந்தால் மட்டும் உங்கள் அலுவலகத்துக்குத் திடீரென்று பார்வை கூர்மையாகிவிடுகிறது.

மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், மாவட்ட ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் (தனியார் பள்ளிகள்) இந்த அறிக்கையை மனுவாகக் கொடுக்கிறோம். முகவரிக் காரணம் சொல்லி விண்ணப்பம் தள்ளப்பட்ட பெற்றோர் எங்களோடு வரலாம். விண்ணப்ப எண் உள்ள தாள், தள்ளிய காரணம் வந்த குறுஞ்செய்தி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியில் படித்ததற்கான பதிவு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வாடகை ஒப்பந்தம் இல்லையே என்று தயங்கி யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக இந்தி தெரிந்த இருவர் எங்களோடு இருப்பார்கள்.

இப்படிக்கு,
செயற்குழு உறுப்பினர்கள், திண்டுக்கல்.